கணிப்பொறிப் பணியும் கைக்கருவிகளும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பொறியாளர் தமது வேலை நேரம் முழுவதையும் புதிய நிரல் எழுதுவதிலேயே செலவிடுகிறார் என்று வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. முன்பு எழுதியதைத் தேடி எடுப்பது, பழையதையும் புதியதையும் ஒப்பிடுவது, மாறிய பகுதிகளை மீண்டும் தொகுப்பது, ஒரு வரியை யார் எதற்காக மாற்றினார் என்று கண்டறிவது ஆகிய பணிகளே அவரது நாளில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. இவற்றைக் குறைக்க எழுந்த மென்பொருள் கருவிகளின் வரலாறு, அலுவலக நிர்வாகத்தில் ஈடுபட்டிருப்போரும் அறிந்துகொள்ளத்தக்கது.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1963-ஆம் ஆண்டு ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்டது. துளையட்டைகளின் காலம் அது. நிரலை அட்டைகளில் துளையிட்டு, கட்டாக ஒப்படைத்து, விடைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி பிசகினாலும் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இயந்திரத்தின் நேரம் விலை மிகுந்ததாகவும் மனிதரின் நேரம் மலிவானதாகவும் கருதப்பட்ட காலம் என்று அதனைச் சொல்லலாம். இயந்திரங்களின் விலை இறங்க இறங்க இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. பயிற்சி பெற்ற மனிதரின் நேரத்தை எவ்வாறு காப்பது என்பதே பின்னர் கேள்வியாக எழுந்தது.

இக்கேள்விக்குத் தெளிவான விடைகள் பல அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தன. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-இல் அங்கு யூனிக்ஸ் இயக்க முறைமையைத் தொடங்கினர். ஒரு நிரலின் விளைவை மற்றொன்றுக்கு நேரே செலுத்த வேண்டும், தோட்டத்தில் நீர்க்குழாய்த் துண்டுகளை இணைப்பது போல நிரல்களை இணைக்க இயல வேண்டும் என்பதை டக்ளஸ் மெக்கில்ராய் 1964-லேயே எழுதி வைத்திருந்தார். 1973-இல் அது நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட சொல் உள்ள வரிகளைப் பொறுக்கித் தரும் 'கிரெப்', வரிசைப்படுத்தும் 'சார்ட்', ஒன்றுபோல் உள்ளவற்றை ஒன்றாக்கும் 'யூனிக்' ஆகியவை தனித்தனியே மிகச் சிறியவை. இணைத்தால், பல்லாயிரம் வரிகள் கொண்ட பட்டியலில் எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதைச் சில நொடிகளில் அறியலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். 'யூனிக்' அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும். முதலில் வரிசைப்படுத்தாமல் அதனைப் பயன்படுத்தினால் தவறான எண்ணிக்கையே வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இத்தவறு எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

'மேக்' என்னும் கருவி பிறந்த விதம் இன்னும் சுவையானது. அதே ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் காலைப்பொழுது முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்தார். பிழையோ ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாததால் பழைய வடிவமே ஓடிக்கொண்டிருந்தது! முதல் நாள் மாலை இதே தொல்லையில் சிக்கியிருந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், 1976-இல் இதற்கொரு கருவி செய்தார். எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது என்பதை ஒருமுறை எழுதி வைத்தால் போதும். மூலக்கோப்பின் தேதி, விளைவுக் கோப்பின் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அப்பகுதியை மட்டும் கருவியே மீண்டும் தொகுத்துவிடும். நினைவாற்றலை நம்பி நடந்த வேலை இவ்வாறு எழுதி வைத்த விதியின் பொறுப்புக்கு மாறியது.

இக்கருவியில் ஒரு குறையும் உண்டு. கட்டளை வரி 'டாப்' எழுத்தில்தான் தொடங்க வேண்டும். வெற்றிடங்களை இட்டால் ஏற்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இது இடையூறு என்று ஃபெல்ட்மேன் விரைவிலேயே உணர்ந்தார். ஆயினும் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்குத் தொல்லை தர மனமின்றி விட்டுவிட்டார். இன்றும் 'மேக்' கருவியின் இயல்பான விதி அதுவே. படிவங்களை வகுக்கும் அதிகாரிகள் இந்தச் செய்தியைச் சற்று நின்று படிக்கலாம்.

மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவிகள் நம் அலுவலர்களுக்குப் புதியனவாகத் தோன்றா. கோப்பின் குறிப்புப் பக்கத்தில் யார், எந்தத் தேதியில், என்ன காரணத்தால் எழுதினார் என்பது கையொப்பத்துடன் நிற்கிறது; எழுதிய குறிப்பு கிழிக்கப்படுவதில்லை. மார்க் ராச்கைண்ட் 1972-இல் உருவாக்கிய 'எஸ்.சி.சி.எஸ்.' நிரல்களுக்கு இத்தகைய பதிவேட்டைத் தந்தது. 2005 ஏப்ரலில் லினக்ஸ் கருநிரலின் தேவைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'கிட்' இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. பதிவேட்டின் முழுப்படியும் பணியாளர் ஒவ்வொருவரிடமும் இருப்பது இதன் சிறப்பு.

பதிவேட்டின் பயன் பிழை தோன்றும்போது வெளிப்படும். சென்ற மாதம் சரியாக ஓடிய நிரல் இன்று தவறுகிறது. இடையே 1,000 மாற்றங்கள் நடந்துள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் நாட்கள் கழியும். நடுவிலுள்ள மாற்றத்தை முதலில் சோதித்தால் பிழை எந்தப் பாதியில் உள்ளது என்பது தெரியும். அப்பாதியின் நடுவே அடுத்த சோதனை. இவ்வாறு ஏறத்தாழ 10 சோதனைகளில் குற்றவாளியான மாற்றம் அகப்படும். 'கிட்' கருவியில் 'பைசெக்ட்' என்னும் கட்டளை இதனைச் செய்கிறது. ஆனால் ஒரு வாரத்து வேலை முழுவதையும் ஒரே மாற்றமாகப் பதிவு செய்யும் பழக்கமுடையவருக்கு இதனால் பெரும்பயன் இல்லை. மாற்றங்கள் சிறியனவாகவும், காரணம் ஒவ்வொன்றுடனும் எழுதப்பட்டும் இருக்க வேண்டும். 'திருத்தம்' என்று மட்டும் எழுதுவது, 'பார்த்தேன்' என்று கோப்பில் கையொப்பமிடுவது போன்றதே.

இக்கருவிகளின் திறந்தமூல வடிவங்கள் கட்டணமின்றிக் கிடைப்பதால், சிறிய ஊர்க் கல்லூரி மாணவரும் பெருநிறுவனப் பொறியாளர் கையாளும் அதே கருவியைப் பயிலலாம். அரசு அமைப்புகளில் திறந்தமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை இந்திய அரசு 2015-இல் வெளியிட்டது.

பயன்பாடு பெருகும்போது ஓர் எச்சரிக்கையும் தேவையாகிறது. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிப் பதிவு செய்துவிட்டு, மறுநாள் அவ்வரியை நீக்கினால் போதும் என்று புதியவர் பலர் நினைக்கின்றனர். நீக்கப்பட்டது இன்றைய வடிவத்திலிருந்து மட்டுமே. நேற்றைய பதிவிலும், அதனைப் படியெடுத்தோர் அனைவரிடமும் அது அப்படியே இருக்கிறது. அந்நிலையில் கடவுச்சொல்லையே உடனே மாற்ற வேண்டும். பதிவேட்டைத் துப்புரவு செய்வது அதற்குப் பிறகு.