மௌனமும் ஒரு ஓட்டா?
சட்டதிட்டத் திருத்தத்தில் ஓட்டு எண்ணும் முறை



கடையில் சரக்கு நிறுக்குமுன் தராசு முள்ளைப் பார்க்கிறோம். படிக்கல் சரியானதுதானா என்றும் பார்க்கிறோம். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டித்தே திருக்குர்ஆனின் 'முதஃப்பிஃபீன்' சூரா தொடங்குவதை நாமெல்லோரும் அறிவோம். ஆனால் சங்கக் கூட்டத்தில் ஓட்டு எண்ணும்போது மட்டும், எந்தக் கல்லை வைத்து நிறுக்கிறோம் என்று எவரும் கேட்பதில்லை. அப்படிக் கேளாமல் விட்டதால் வந்த வினை ஒன்றை முதலில் சொல்லுகிறோம்.

பல வருஷங்களுக்கு முன்பு நாம் வேறொரு சங்கத்தில் அங்கத்தினராயிருந்தோம். அதில் மொத்தம் 150 பேர். பிள்ளைகளின் படிப்புக்கென்று சேர்த்திருந்த நிதியிலிருந்து கட்டடச் செலவுக்கும் எடுக்கலாம் என்று சட்டதிட்டத்தைத் திருத்த ஒரு தீர்மானம் மகாசபைக்கு வந்தது. கூட்டத்துக்கு வந்தவர் 72 பேர். ஆதரித்துக் கை தூக்கியவர் 44, எதிர்த்தவர் 16. மீதி 12 பேர் கையை மடியில் வைத்தபடி இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டில் நாமும் ஒருவர். தீர்மானம் கொண்டுவந்தவர் நமக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர். எதிர்த்துப் பேசியவர் சம்பந்தி வழியில் உறவு. எவர் மனமும் நோகாமல் நடுவில் இருந்துவிட்டோம் என்று நமக்குள் ஒரு திருப்தி வேறு.

தலைவர் 44-ஐயும் 16-ஐயும் கூட்டினார், 60 வந்தது. அதில் மூன்றில் இரண்டு 40. "தீர்மானம் நிறைவேறிற்று" என்றார். தேநீர் பரிமாறும் வேளையில் ஒரு வாலிபர் சட்டதிட்டப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு வந்தார். "கூட்டத்துக்கு வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர்" என்று அதில் இருந்தது. 72-இல் மூன்றில் இரண்டு 48. நான்கு பேர் குறைவு! அப்புறம் நடந்ததை விரித்து எழுத வேண்டியதில்லை. அவ்வருஷம் நோன்பு திறக்கும் நிகழ்ச்சியை இரு சாராரும் இரண்டு இடங்களில் நடத்தினார்கள்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். 'மூன்றில் இரண்டு' என்பது அரைகுறைப் பேச்சு. எதில் மூன்றில் இரண்டு? ஓட்டுப் போட்டவரில் என்றால் 40 போதும், தீர்மானம் ஜெயித்தது. வந்திருப்போரில் என்றால் 48 வேண்டும்; தோற்றது. மொத்த அங்கத்தினரில் என்றால் 100 பேர் ஆதரிக்க வேண்டும். 72 பேர் வந்த கூட்டத்தில் அது நடக்கவே நடக்காது. ஓட்டு ஒன்றே, கல் மூன்று. முதற்கல்லில் சும்மா இருப்பவர் கணக்கிலேயே சேருவதில்லை. மற்ற இரண்டிலும் அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்குச் சமம். நாம் நடுவில் இருந்ததாக எண்ணினோமே, உண்மையில் 12 பேரும் சேர்ந்து தீர்மானத்தைத் தோற்கடித்திருந்தோம். நமக்கே அது தெரியாது.

இது சிறிய சங்கத்தின் கதை என்று எண்ண வேண்டாம். நமது மலேசியப் பார்லிமெண்டிலேயே 2019 ஏப்ரல் 9-ஆம் தேதி இதுதான் நடந்தது. சபாவுக்கும் சரவாக்குக்கும் பழைய அந்தஸ்தைத் திருப்பித் தரவென்று அரசியல் சாசனத்தின் 1-ஆவது ஷரத்தைத் திருத்த ஒரு மசோதா. ஆதரித்தவர் 138 பேர். எதிர்த்து ஓட்டளித்தவர் ஒருவர்கூட இல்லை. 59 பேர் ஓட்டளிக்காமல் ஒதுங்கினார்கள். மசோதா தோற்றது! ஏனென்றால் இத்தகைய திருத்தத்துக்கு, சபைக்கு வந்தவரிலோ ஓட்டளித்தவரிலோ அல்ல, மக்கள் சபையின் மொத்த அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்கிறது 159-ஆவது ஷரத்து. 222 பேர் கொண்ட சபையில் அது 148. பத்துப் பேர் குறைந்தார்கள். பிற்பாடு 2021 டிசம்பர் 14-இல், வேறு வாசகத்தோடு வந்த திருத்தம் 199 ஓட்டுகள் பெற்று நிறைவேறிற்று. 2019-இல் ஒதுங்கியவர்கள் விஷயமறிந்தே ஒதுங்கினார்கள்; நம்மைப் போல் சம்பந்தியின் முகத்தைப் பார்த்து ஒதுங்கவில்லை.

நம் நாட்டில் சாசனத் திருத்தத்துக்கு ஜனங்கள் நேரே ஓட்டளிப்பதில்லை. அமெரிக்காவிலோ ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சாசனம் உண்டு; பெரும்பாலான மாநிலங்களில் அதன் திருத்தங்களை ஜனங்கள் முன் வைக்கிறார்கள். அங்கே டென்னஸி மாநிலத்தின் கல் மிக விசித்திரமானது. கவர்னர் தேர்தல் நாளில்தான் திருத்தமும் ஓட்டுக்கு வரும். கவர்னர் பதவிக்கு விழுந்த ஓட்டுகள் எத்தனையோ, அதில் பாதிக்கு மேல் திருத்தத்துக்கு ஆதரவு வேண்டும். பத்து லட்சம் பேர் கவர்னருக்கு ஓட்டளித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருத்தத்துக்கு 4,90,000 ஆதரவும் 3,00,000 எதிர்ப்பும் விழுந்தாலும் அது தோற்றுவிடும். கவர்னருக்குப் போட்டுவிட்டுத் திருத்தத்தைக் கவனியாமல் வந்தவர், தம்மையறியாமல் எதிர்த்தவராகிறார்.

இதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். 2014-இல் கருக்கலைப்புப் பற்றிய திருத்தம் ஒன்று வந்தபோது, ஆதரவாளரில் சிலர், "திருத்தத்துக்கு மட்டும் போடுங்கள், கவர்னருக்குப் போடாதீர்கள்" என்று பிரசாரம் செய்தார்கள். கல்லின் எடையையே குறைக்கிற யோசனை! திருத்தம் ஜெயித்தது, வழக்கும் வந்தது. கீழ்க்கோர்ட்டு 2016-இல் மறுபடி எண்ணச் சொல்லிற்று. மேல்முறையீட்டுக் கோர்ட்டு 2018-இல், முதலில் எண்ணியதே சரியென்று தீர்த்தது.

பக்கத்துச் சிங்கப்பூரிலும் ஒரு படிப்பினை உண்டு. 1962 செப்டம்பர் 1-ஆம் தேதி மலேசியாவோடு இணைவது பற்றி அங்கே ஜன வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று திட்டங்கள். மூன்றுமே இணைவதற்கான திட்டங்கள்தாம். 'வேண்டாம்' என்று சொல்லக் கட்டமில்லை. ஆகவே பாரிசான் சோஷலிஸ் கட்சியார், வெற்றுச் சீட்டாகப் போடுங்கள் என்றார்கள். அரசாங்கமோ, வெற்றுச் சீட்டெல்லாம் தான் ஆதரிக்கும் முதல் திட்டத்துக்குச் சாதகமாகக் கொள்ளப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. முதல் திட்டத்துக்கு 3,97,626 ஓட்டு; வெற்றுச் சீட்டு 1,44,077. வெற்றுச் சீட்டைச் சேர்க்காமலே முதல் திட்டம் பதிவான ஓட்டில் நூற்றுக்கு 70-க்கு மேல் பெற்றுவிட்டதால் முடிவு மாறவில்லை. ஆயினும் டென்னஸியில் மௌனம் எதிர்ப்பு. சிங்கப்பூரில் அன்றைக்கு மௌனம் ஆதரவு. மௌனத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. எண்ணும் விதிதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது.

நிற்க. நம் சங்க விஷயத்துக்கு வருவோம். திருத்த அறிவிப்பு கையில் கிடைத்ததும், திருத்தம் என்ன என்று பார்ப்பதோடு, திருத்தும் விதி எது என்றும் புத்தகத்தில் பாருங்கள். 'வந்திருப்போர்' என்றிருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட்டு, லுஹர் தொழுகைக்குப் பின் கடை திறக்கப் போய்விட்டவர் வந்திருப்பவரா, அல்லவா? ஓட்டெடுக்குமுன் மண்டபத்தில் உள்ளவர்களை எண்ணி, இன்னின்ன தொகை வேண்டுமென்று தலைவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தகராறுக்கு இடமில்லை. பின்னால் சங்கப் பதிவதிகாரியின் அங்கீகாரத்துக்கு எழுதும்போதும் இந்தத் தொகைகளே கூட்டக் குறிப்பில் இருக்கும்.

அந்தப் பழைய சங்கத்தில் மறு வருஷம் அதே தீர்மானம் மீண்டும் வந்தது. அதே வாலிபர் கதவடியில் நின்று தலைகளை எண்ணினார்: 81 பேர். 54 வேண்டுமென்று தலைவர் அறிவித்தார். ஆதரவு 57, எதிர்ப்பு 21, கை தூக்காதவர் 3. படிப்பு நிதியைத் தொடக்கூடாது என்பது நம் அபிப்பிராயம்; இம்முறை எதிர்த்துக் கை தூக்கினோம். தோற்றுத்தான் போனோம். அவ்வருஷம் நோன்பு திறக்க எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தோம்; கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர்தாம் நமக்குக் கஞ்சி ஊற்றினார்.