பானெட்டுக்குள் பத்து குதிரைகள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கார் ஆக்சஸரீஸ் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு இந்த வசனம் பழக்கமாகியிருக்கும்: "கோன் ஃபில்டர் போட்டுப் பாருங்க சார், பத்து ஹெச்பி ஏறும்." சிவப்புக் கூம்பும் பளபளக்கும் அலுமினியக் குழாயுமாக இருக்கும் அந்தப் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். இன்ஜினுக்குக் காற்று வேண்டும். இது நிறையக் காற்று விடும். அதனால் சக்தி கூடும். இதில் முதல் வாக்கியம் முழுக்கச் சரி.

மற்ற இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 6,000 ஆர்பிஎம்மில் அது அதிகபட்சம் வினாடிக்கு 60 லிட்டர். அந்தக் காற்றை உள்ளே தள்ளுவது வளிமண்டல அழுத்தம். கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல். கம்பெனி ஃபில்டர், பெட்டி, குழாய் மூன்றும் சுத்தமாக இருந்தால் வழியில் தொலையும் அழுத்தம் பொதுவாக இரண்டு மூன்று கிலோபாஸ்கலுக்கு மேல் போகாது. மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டு இன்ஜினைத் திறந்த வாயோடு ஓட்டினாலும் கூடக் கிடைப்பது இரண்டு மூன்று சதவீதம்தான். 83 குதிரைத்திறன் வண்டியில் அது இரண்டு, மிஞ்சினால் இரண்டரைக் குதிரை. பத்து வேண்டுமென்றால் 12 சதவீதம் காற்று கூடுதலாக வர வேண்டும். தொலையாத பணத்தை எங்கே போய்த் தேடுவது?

அந்த இரண்டரையும் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தி, உச்ச ஆர்பிஎம்மில் ஓடும்போது மட்டுமே. அண்ணா சாலையில் நாற்பதில் உருளும்போது காற்றை மறிப்பது ஃபில்டர் அல்ல, த்ராட்டில். அது முக்கால்வாசி மூடியிருக்கும். அதற்குப் பின்னால் மேனிஃபோல்டில் அழுத்தம் வளிமண்டலத்தின் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். கதவைச் சாத்திவிட்டு வாசல் கேட்டை அகலப்படுத்தியது போலத்தான் அங்கே கோன் ஃபில்டரின் வேலை.

"மைலேஜும் கூடும்" என்ற இரண்டாவது வாக்குறுதி இதிலேயே உதிர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமானது. அம்பாசடர், பத்மினி காலத்து மெக்கானிக்குகள் "ஃபில்டர் அடைச்சா பெட்ரோல் குடிக்கும்" என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மை. கார்புரேட்டருக்குக் காற்று குறைந்தால் பெட்ரோலையும் சேர்த்துக் குறைக்கத் தெரியாது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில் வரும் காற்றை அளந்து அதற்கேற்பத்தான் இசியு என்னும் கணினி பெட்ரோல் விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இன்ஜெக்ஷன் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் செலவு சொல்லிக்கொள்ளும்படி மாறவில்லை. பிக்கப் மட்டும் அடிவாங்கியது; அடைத்த ஃபில்டரை மாற்றினால் 6 முதல் 11 சதவீதம் வரை தேறும் என்று தெரிந்தது. அந்தப் பலன் சில நூறு ரூபாய்க் காகித ஃபில்டரிலேயே கிடைக்கும். நான் பார்த்த "கோன் ஃபில்டர் அற்புதங்கள்" பலவற்றில் வெளியே வந்த பழைய ஃபில்டர் மண்மூட்டையாக இருந்தது.

"குளிர்ந்த காற்று, அதிகச் சக்தி" என்பதில் உண்மை இருக்கிறது. காற்று மூன்று டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். ஆனால் கம்பெனிக் குழாய் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு மேலிருந்தோ கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதை நீக்கிவிட்டு இன்ஜின் பக்கத்திலேயே கூம்பைத் திறந்து வைத்தால்? வெளியே 36 டிகிரி, பானெட்டுக்குள் 60 என்று வையுங்கள்: அடர்த்தியில் ஏழு சதவீதம் போயிற்று. சூடான காற்றில் இன்ஜின் தட்ட ஆரம்பித்தால் இசியு ஸ்பார்க் நேரத்தைப் பின்னே தள்ளும். சக்தி இன்னும் குறையும்.

ஸ்கூப் வைத்தால் காற்று தானாகத் திணியும் என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்தத் திணிப்பு அரை கிலோபாஸ்கல்கூட இல்லை.

டீசல்காரர்கள் கடைப்பக்கமே போக வேண்டாம். டீசல் இன்ஜினில் காற்று எப்போதும் தேவைக்கு மேல் இருக்கும். சக்தியைத் தீர்மானிப்பது செலுத்தப்படும் டீசல். டர்போ பெட்ரோலிலும் இவ்வளவு பூஸ்ட், இவ்வளவு டார்க் என்று எல்லை கட்டுவது இசியு. அதை மாற்றி எழுதினால் சக்தி கூடும், அப்போது நல்ல இன்டேக்கும் துணை நிற்கும். பெரிய வி8 இன்ஜின்களில் பத்து குதிரை ஏறுவதும் நடக்கிற விஷயமே. 400-க்கு மேல் உள்ள இடத்தில் பத்து என்பது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. நம் கடைக்காரர் வாயில் வரும் பத்து அங்கிருந்து கப்பலேறி வந்ததாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

"டைனோ ரிப்போர்ட் இருக்கு சார்." இருக்கட்டும். ஒரே வண்டி, சக்தியை அளக்கும் அதே டைனோ எந்திரம், அடுத்தடுத்து இரண்டு ஓட்டம்: அதிலேயே ஒன்றிரண்டு சதவீதம் மாறும். முதல் ஓட்டத்தில் பானெட் மூடியிருந்ததா, இரண்டாவதில் திறந்து ஃபேன் வைத்தார்களா, முன்பு இருந்தது பழைய ஃபில்டரா என்று கேளுங்கள்.

அப்படியானால் போட்டவர்களுக்கு வண்டி பறப்பதாக ஏன் தோன்றுகிறது? சத்தம். கம்பெனிக் குழாயின் பக்கத்தில் தொங்கும் காலி டப்பாவுக்கு ரெசனேட்டர் என்று பெயர். காற்று அதன் வழியாகப் போவதில்லை. இழுப்பின் உறுமலை அது விழுங்குகிறது. அதைக் கழற்றியதும் உறுமல் காதுக்கு வந்துவிடும், காது சொன்னதை உடம்பு நம்பிவிடும். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். சத்தத்துக்கு என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

மெய்யான ஆபத்து குழாயை நீட்டி, ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னே சக்கரத்தருகே இறக்கும் அமைப்பில் இருக்கிறது. அங்கே காற்று குளிர்ச்சிதான், ஆனால் மழைநீருக்கு அது முழங்கால் உயரம்கூட இல்லை. தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது; சிலிண்டருக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தச் செலவு என்னவென்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினுக்கென்று தனி ஆட்-ஆன் எடுக்காத சாதாரணக் காப்பீடு இதைப் பொதுவாக ஏற்பதில்லை. ஏற்கெனவே கீழே இறக்கியவர்கள், தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல், முதலில் அந்தக் கூம்பைக் கழற்றிப் பிழிந்து பாருங்கள்.