ஒரு சோறு பதம் போதுமா?



உலையில் சோறு வெந்துவிட்டதா என்று அறிய உங்கள் அன்னையர் என்ன செய்கிறார்கள்? கரண்டியில் சிறிது அள்ளி, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். அது பதமாக இருந்தால் பானையை இறக்கி வடித்துவிடுகிறார்கள். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற பழமொழி எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆகவே ஒரு பருக்கைக்கு நேர்ந்ததே மற்றப் பருக்கைகளுக்கும் நேர்ந்திருக்கும் என்பது அதன் அடிப்படை.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் சில நேரங்களில் இப்படி ஒரே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு மனநிறைவு அடைகிறார்கள். அது சரியா? நான் ஒரு முறை அதைவிடக் குறைவாகவே செய்தேன். பருக்கையைத் தொடாமலே ‘வெந்தது’ என்று சொல்லிவிட்டேன். அதனால் ஒரு மாணவியின் மனம் நொந்தது. அந்த நிகழ்ச்சியையும் அதிலிருந்து கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொகுப்பும் துணைச் செயற்கூறும்

ஒரு வகுப்பில் 40 மாணவியர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களின் மதிப்பெண்களை வரிசையாக எழுதினால் அது ஒரு பட்டியல். இத்தகைய பட்டியல்களைக் கணிப்பொறி இயலில் ‘தொகுப்பு’ என்பர். அதிலுள்ள ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஓர் ‘உறுப்பு’. குறிப்பிட்ட ஒரு வேலையை மட்டும் செய்ய எழுதப்படும் சிறு நிரல் பகுதிக்குச் ‘செயற்கூறு’ என்று பெயர்.

தொகுப்பின் மீது வேலை செய்யும் துணைச் செயற்கூறுகளில் மூன்று முதன்மையானவை. முதலாவது ‘மேப்’, அது ஒவ்வோர் உறுப்பின் மீதும் ஒரே செயலைச் செய்து புதிய உறுப்புகளைத் தரும். எல்லாருக்கும் 5 மதிப்பெண் கூட்டுவது இவ்வகை. இரண்டாவது ‘ஃபில்டர்’, இது நம் வீட்டுச் சல்லடையைப் போன்றது. 35-க்குக் குறையாமல் பெற்றவர்களை மட்டும் பிரித்தெடுப்பது இவ்வகை. மூன்றாவது ‘ரெட்யூஸ்’, இது எல்லா உறுப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஒரே விடையாகத் திரட்டும். வகுப்பின் மொத்த மதிப்பெண்ணைக் காண்பது இவ்வகை.

இவை நேற்று முளைத்தவை அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1958-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கினார். அதைப் பற்றி 1960-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலேயே, பட்டியல் நெடுகச் சென்று ஒரு செயலைச் செய்யும் ‘மேப்லிஸ்ட்’ இடம்பெற்றிருந்தது. 1994-இல் வெளிவந்த பைத்தான் மொழியின் முதலாம் பதிப்பில் மேப், ஃபில்டர், ரெட்யூஸ் மூன்றுமே இருந்தன.

அலகுச் சோதனை என்பது யாது?

ஒரு நிரல் முழுவதையும் கடைசியில் ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, அதன் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்தனியே சோதிப்பது மேல். தைத்து முடித்த சட்டையில் குறை காண்பதைவிட, கையையும் கழுத்தையும் தனித்தனியே அளந்து பார்ப்பது எளிதல்லவா? இதுவே யூனிட் டெஸ்ட் எனப்படும் அலகுச் சோதனை. இதற்கு மூன்று படிகள் உண்டு: ஓர் உள்ளீட்டைத் தயார் செய்தல், செயற்கூற்றை இயக்குதல், வந்த விடையை வரவேண்டிய விடையுடன் ஒப்பிடுதல்.

கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் 1997-இல் சூரிக் நகரிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் சென்றபோது, ஜாவா மொழிக்கான ‘ஜேயூனிட்’ என்னும் சோதனைக் கருவியை எழுதினார்கள். சோதனை வென்றால் பச்சைக் கோடு. தோற்றால் சிவப்புக் கோடு. 2001 முதல் பைத்தான் மொழியுடனும் இத்தகைய கருவி ஒன்று சேர்ந்தே வருகிறது.

பச்சைக் கோடு என்னை ஏமாற்றிய கதை

ஒரு தேர்வில் கணக்கு வினாத்தாளில் ஒரு வினா பிழையாக அச்சாகிவிட்டது. ஆகவே எல்லாருக்கும் 5 மதிப்பெண் கூட்டித் தருவதென்றும், எவருக்கும் 100-க்கு மேல் போகக்கூடாதென்றும் முடிவாயிற்று. அந்தச் சிறு நிரலை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மேப் கொண்டு ஒவ்வொருவருக்கும் 5 கூட்டினேன். 100-இல் நிறுத்தும் வரியை மறந்துவிட்டேன்!

சோதனை எழுதாமல் இருக்கவில்லை. வகுப்பின் பட்டியலையே கொடுத்து இரண்டு சோதனைகள் செய்தேன். முதலில் விடையிலுள்ள உறுப்புகளை எண்ணினேன், 40 இருந்தன. அடுத்து அதே விடையின் ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, ‘இது 100-க்கு மேற்படாமல் இருக்கிறதா?’ என்று பார்க்கச் சொன்னேன். இரண்டும் பச்சை. மனநிறைவோடு பட்டியலைப் பலகையில் ஒட்டினேன்.

மறுநாள் காலை ஒரு மாணவி வந்து கேட்டாள்: “மிஸ், நூத்துக்கு நூத்தி மூணு மார்க் வாங்க முடியுமா?”

98 பெற்றவளுக்கு 103 என்று இருந்தது. நான் திகைத்துப் போனேன். சோதனை பச்சை காட்டியதே, எப்படி?

காரணம் இதுதான். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் பைத்தானில் மேப் ஒரு பட்டியலைத் தருவதில்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் ஒரு கருவியையே தருகிறது. ஒரு முறை எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் அது காலி. நான் எண்ணிப் பார்த்தபோதே 40 உறுப்புகளும் தீர்ந்துவிட்டன. இரண்டாம் சோதனை வெறும் பானைக்குள் கைவிட்டது. அங்கே நசுக்கிப் பார்க்க ஒரு பருக்கையும் இல்லை. ‘ஒவ்வொன்றையும் பார்’ என்ற கட்டளையில் பார்க்க ஒன்றுமே இல்லாததால் பிழையும் இல்லை. பிழை இல்லாததால் பச்சை! வினாவே இல்லாத தேர்வில் எல்லாரும் தேறுவது போல அது தேறிவிட்டது.

103 என்பது சிரித்து மறந்துவிடும் பிழையாகத் தோன்றலாம். ஆனால் அந்த 103-ஐக் கூட்டித்தான் தர வரிசை போட்டிருந்தேன். அம்மாணவி 2 மதிப்பெண் வேறுபாட்டில் முதலிடத்தில் இருந்தாள். 103-ஐ 100 ஆக்கியதும் 3 குறைந்து, அடுத்திருந்தவள் 1 மதிப்பெண்ணில் முந்திவிட்டாள். முதலாவதாக வந்தேன் என்று வீட்டில் சொல்லி மகிழ்ந்த பிள்ளையையும் அவள் தாயாரையும் அழைத்து, தவறு என்னுடையது என்று சொல்லவேண்டி வந்தது. “பரவாயில்லை மிஸ்” என்றுதான் அவள் சொன்னாள். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் நமக்கு ஓர் எண்; ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள்.

முதற் பருக்கை வெந்திருந்தும்...

நான் பருக்கையைத் தொடவே இல்லை. ஒரு பருக்கையைத் தொட்டிருந்தால் மட்டும் போதுமா? ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுத்தாக உள்ளதை முழு எண்ணாக மாற்றும் ‘பார்ஸ்இன்ட்’ என்னும் செயற்கூறு உண்டு. ‘10’ என்ற எழுத்துருவை மட்டும் கொண்ட பட்டியலில் மேப் மூலம் அதைச் செலுத்தினால் 10 என்னும் சரியான விடை வரும். ‘10, 10, 10’ என்று மூன்றாகக் கொடுத்தால் என்ன வரும்? முதலாவது 10, இரண்டாவது ‘எண்ணே அல்ல’ என்னும் குறி, மூன்றாவது 2!

இது மாயமன்று. அம்மொழியின் மேப், உறுப்போடு அதன் வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. பார்ஸ்இன்ட் அந்த இரண்டாம் எண்ணை ‘எந்த அடிமானத்தில் படிப்பது’ என்னும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. வரிசை எண் 0 என்றால் வழக்கமான பத்தடிமானம். 1 என்றால் அப்படி ஓர் அடிமானத்தை அது ஏற்பதில்லை. 2 என்றால் இரும எண். இரும முறையில் 10 என்பது 2 அல்லவா? மூன்று பருக்கைகளும் ஒரே அரிசிதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த நெருப்பு வேறு. பழமொழி பிழையன்று, அதன் அடிப்படை இங்கே பொருந்தவில்லை.

ஒரு சிலவற்றைக் கண்டு அனைத்துக்கும் பொதுவான விதியை உய்த்துணர்வதைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பது பற்றி ஒரு கன்னியாஸ்திரீயே ஆய்வு செய்திருக்கிறார். அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் அத்துறையில் ஆய்ந்து, 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கணிப்பொறி இயலில் அப்பட்டம் பெற்ற முதற் சிலருள் அவர் ஒருவர். சிலவற்றிலிருந்து பலவற்றை அறிவது அரிய கலை. எந்தச் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எந்தப் பருக்கைகளை எடுப்பது?

1. கையால் எழுதிய சிறு பட்டியல். 40, 72, 55 என்று கொடுத்தால் 45, 77, 60 என்றே வரவேண்டும். விடையை நீங்களே மனக்கணக்காகப் போட்டு எழுதுங்கள். நிரலில் உள்ள அதே சூத்திரத்தால் விடையைக் கண்டால், பிழை இரு பக்கமும் இருந்து ஒன்றையொன்று ஆமோதிக்கும்.

2. முழுமைக்கு முழுமை. விடைப் பட்டியல் முழுவதையும் வரவேண்டிய பட்டியல் முழுவதோடும் ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தால் உறுப்புகள் குறைந்தாலும் கூடினாலும் உடனே தெரியும். என் சோதனையில் இது இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

3. வெறும் பட்டியல். உறுப்பே இல்லாத பட்டியலைக் கொடுங்கள். மேப், ஃபில்டர் இரண்டும் வெறும் பட்டியலையே தரவேண்டும். கூட்டுத்தொகை 0. தொடக்க மதிப்புத் தராத ரெட்யூஸ் பைத்தானில் பிழை என்று நின்றுவிடும். சராசரி கண்டாலோ பூச்சியத்தால் வகுக்க நேரும். ‘அனைவரும் தேறினரா?’ என்று வெற்று வகுப்பைக் கேட்டால் ‘ஆம்’ என்றே விடை வரும். ‘இல்லை’ என்று சொல்லத் தேறாத ஒருத்தியைக் காட்டவேண்டும் அல்லவா?

4. எல்லைகள். 94, 95, 96, 100 ஆகிய நான்கும் முறையே 99, 100, 100, 100 ஆகவேண்டும். பிழைகள் பெரும்பாலும் வேலி ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும்.

5. வெவ்வேறு உறுப்புகள். 50, 50, 50 என்று கொடுத்தால், செயற்கூறு வரிசையைத் தலைகீழாக்கினாலும் தெரியாது. ஆகவே ஒன்றுக்கொன்று வேறான எண்களைக் கொடுங்கள்.

6. மூலப் பட்டியல். வேலை முடிந்தபின் பழைய பட்டியல் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், நிரலை மறுமுறை இயக்கும்போது 5 மதிப்பெண் 10 ஆகிவிடும்.

7. சிவப்பைக் காணுங்கள். இதுவே தலையாயது. சோதனை எழுதியபின், செயற்கூற்றில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்து இயக்குங்கள். சிவப்புக் கோடு தோன்றவேண்டும். தோன்றாவிட்டால் உங்கள் சோதனை எதையும் சோதிக்கவில்லை. தோற்கவே முடியாத சோதனையின் வெற்றிக்கு மதிப்பில்லை.

இவ்வளவும் செய்துவிட்டால் பிழையே இராதா? அப்படிச் சொல்வதற்கில்லை. சோதனையால் பிழை இருப்பதைக் காட்டமுடியுமேயன்றி, இல்லை என்று நிறுவமுடியாது என்று நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா எடுத்துரைத்தார். ஆகவேதான் 2000-ஆம் ஆண்டில் கோயன் கிளாசன், ஜான் ஹியூஸ் இருவரும் ‘குவிக்செக்’ என்னும் கருவியைத் தந்தார்கள். ‘மேப் செய்தபின் உறுப்புகளின் எண்ணிக்கை மாறக்கூடாது’, ‘ஃபில்டர் செய்தபின் எண்ணிக்கை கூடக்கூடாது’ போன்ற பொதுவிதிகளை நாம் சொன்னால், அது தானே பல பட்டியல்களைப் படைத்து அவ்விதிகளைச் சோதிக்கும். நாம் நினையாத பருக்கையையும் அது எடுத்து நசுக்கும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

35-உம் அதற்கு மேலும் பெற்றவர்களைப் பிரித்தெடுக்கும் செயற்கூற்றை எழுதி, அதற்கு ஐந்து சோதனைகள் அமையுங்கள். 34, 35, 36 மூன்றும் அவற்றில் இருக்கட்டும். ‘35-க்கு மேல்’ என்று எழுதிவிட்டால் சரியாக 35 பெற்ற மாணவி தோற்றுப்போவாள். உங்கள் சோதனை அவளைக் காப்பாற்றுகிறதா என்று பாருங்கள்.

நான் இப்போது எந்த மதிப்பெண் நிரலை எழுதினாலும், முதலில் அதைக் கெடுத்துச் சிவப்பைப் பார்த்த பின்னரே பச்சையை நம்புகிறேன். அதற்குச் சில நிமிடங்களே ஆகின்றன. ஒரு பிள்ளையை அழைத்து ‘நீ முதலாவது அல்ல’ என்று சொல்வதற்கு ஆகும் நேரத்தைவிட அது குறைவுதான்.