பின்னை மாற்றினால் போதுமா?

தொண்டியில் வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பும் சபுராளி கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கும்போதே யாராவது சொல்லிவிடுவார்கள்: "பின்னை மட்டும் மாத்திட்டா ஓடும்." துபாய், மலேசியா, சிங்கப்பூர் சாமான் என்றால் ஓடத்தான் செய்யும். அங்கும் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் கரண்ட் 230, 50. சதுரப் பின்தான் வேறு. (அதை வெட்டி எறிகிறவர் பிளக்குக்குள் இருக்கும் ஃப்யூஸையும் சேர்த்தே எறிகிறார்.)

சவுதிச் சாமானில்தான் வினை. அங்கே நெடுங்காலம் வீடுகளுக்கு வந்தது 127 வோல்ட். படிப்படியாக 230-க்கு மாறுவதென்று 2010-ல்தான் முடிவெடுத்தார்கள். 127 என்று அச்சிட்ட 1000 வாட்ஸ் அயர்ன்பாக்ஸை இங்கே செருகினால், வோல்ட் இரண்டு மடங்குகூட ஏறாது. சூடோ மூன்று மடங்கைத் தாண்டி 3,280 வாட்ஸுக்குப் போகும். காயில் எரிந்துவிடும். கடையில் விற்கும் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும். வோல்ட்டைக் குறைக்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் சாமானின் வாட்ஸைத் தாங்கும் அளவில்.

"டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் எதுவும் ஓடும்" என்பது அடுத்த நம்பிக்கை. சவுதியில் 60 ஹெர்ட்ஸ்; அதை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றாது. அயர்ன்பாக்ஸுக்கு அதனால் கேடில்லை. கரண்டின் துடிப்பை எண்ணி ஓடும் பழைய மேசைக் கடிகாரமோ மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். 60 மட்டும் போட்ட ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றும், சூடேறும். கார்கோவுக்குக் காசு கொடுத்து அதைக் கொண்டுவருவது வீண் என்பேன்.

செல்போன், லேப்டாப் சார்ஜருக்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம். முதுகில் பொடி எழுத்தில் 100–240, 50/60 என்று இருந்தால் எந்த ஊரிலும் செருகலாம்.

வயர்லெஸ் சாமானில் கதை வேறு. வைஃபை ரவுட்டர் இங்கேயும் வேலை செய்யும். ஆனால் கடலுக்குப் போகும் மச்சானுக்கு உதவுமே என்று வளைகுடாவில் துராயா சாட்டிலைட் போன் வாங்கிவருவதுண்டு. சிக்னல் கிடைக்குமா என்று கேட்பார்கள், கிடைக்கும். ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் போன்களை இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்து வழக்குப் போடுகிறார்கள்.