ஒரே வீடு, இரு மொழிகள்: முதுமைக்கு மருந்தாகும் உறவு

முதுமை ஒரு நோயன்று. ஆயுளில் அது ஒரு பருவம். ஆயினும் முதுமை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு மாத்திரைப் பெட்டியும் மருத்துவமனை வரிசையுந்தான் நினைவுக்கு வருகின்றன. தலை நரைத்தவரைக் கண்டால், "சர்க்கரை எவ்வளவு? பிரஷர் எவ்வளவு?" என்று விசாரிக்கிறோம். "இன்று யாரோடு பேசினீர்கள்?" என்று விசாரிப்போர் அரிது. இந்த இரண்டாவது கேள்வியும் தேக ஆரோக்கியத்தைச் சேர்ந்ததுதான் என்பதை இங்கே ஆராய்வோம்.

மலேசியாவில் 60 வயதை எட்டியவர்களை முதியோர் என்று அரசாங்கம் கணக்கிடுகிறது. 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 100க்கு 5 பேர். 2020இல் அத்தொகை ஏறக்குறைய 7 ஆகிவிட்டது. சுகாதார அமைச்சு 2018இல் முதியோரைப் பற்றி நாடு தழுவிய ஓர் ஆய்வு நடத்திற்று. அவர்களுள் பாதிப் பேருக்கு இரத்தக் கொதிப்பும், நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவும் இருந்தன. 100க்கு 8 பேருக்கு மேல் மறதி நோயின் அறிகுறியும், 11 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறியும் காணப்பட்டன.

அப்படியானால் ஆரோக்கியமான முதுமை என்பதுதான் என்ன? நோயே அணுகாமல் இருப்பதா? அன்று. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. ஒருவர் தாம் பெரிதென மதிக்கும் காரியங்களைச் செய்து வாழும் திறனோடு இருப்பதே ஆரோக்கியமான முதுமையாம். இதன்படி, இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பெரியவர் பள்ளிவாசலுக்கு நடந்து போய், பேரப்பிள்ளைக்கு ஓதிக் கொடுத்து, நண்பரை நலம் விசாரித்து வருவாரானால் அவர் ஆரோக்கியமானவரே. நோயில்லாத ஒருவர் நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவரை அப்படிச் சொல்ல இயலுமா?

உறவும் ஆயுளும்

உறவுக்கும் ஆயுளுக்கும் தொடர்புண்டா என்று கேட்கலாம். 2010இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், மூன்று லட்சம் பேருக்கு மேல் பங்குகொண்ட 148 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தனர். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைக் காட்டிலும் 50 விழுக்காடு அதிகமென்று கண்டனர். 2024இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிகோலுவனவும் நம்மால் மாற்றக்கூடியனவுமான 14 காரணங்களை எடுத்துக் காட்டிற்று. நீரிழிவு, உயர்ந்த இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு காது கேளாமையும், மக்கள் தொடர்பற்ற தனிமையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றையெல்லாம் சீர்ப்படுத்தினால், ஏறக்குறைய 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அவர்களின் முடிவு.

இனி நம் செராஸுக்கு வருவோம். மருத்துவ வசதியில் இவ்வட்டாரத்துக்குக் குறைவில்லை. பண்டார் துன் ரசாக்கில் துவாங்கு முஹ்ரிஸ் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கிறது. முதியோரை வீட்டைவிட்டு வெளியேற்றும் வழக்கமும் நம் சமூகத்தில் பெரிதாக இல்லை. மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ அவர்கள் இருக்கிறார்கள். பிறகு தனிமை எங்கிருந்து வருகிறது?

"சுடா, நன்னா"

ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். மாலையில் பேரன் பள்ளி விட்டு வருகிறான். "சாப்பிட்டாயாப்பா?" என்று நன்னா கேட்கிறார். "சுடா, நன்னா" என்று சொல்லிவிட்டு அவன் அறைக்குள் போய்விடுகிறான். அன்றைய உரையாடல் அத்துடன் முடிந்தது! பேரனிடம் அன்பு இல்லையா? இருக்கிறது. பாட்டனாரிடம் சொல்வதற்கு விஷயம் இல்லையா? எழுபது வருஷத்து விஷயம் இருக்கிறது. இல்லாதது இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றே.

இது ஒருவருடைய குற்றமன்று. பிள்ளைகள் தேசியப் பள்ளியில் மலாய் மொழியில் படிக்கிறார்கள். அண்டை அயலாரோடும் நண்பரோடும் மலாயில் பேசுகிறார்கள். இந்நாட்டில் வாழவும் உயரவும் அது அவசியம். ஆங்கிலமும் அவசியமே. ஆனால் வீட்டில் பேசினாலே வளரக்கூடிய தமிழ், பேசாததால் தேய்கிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அதைப் பேசுவதற்கு மிஞ்சியிருப்பவர் பாட்டனாரும் பாட்டியாருமே. அவர்களோடு பேச்சு நின்றால், முதியவருக்குத் துணை போகிறது. பிள்ளைக்கு மொழி போகிறது. ஒரே இழப்பு இருவரையும் தாக்குகிறது.

அந்த முதியவர்களிடம் இருப்பவை சாமானியமானவையா? 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாக, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்துக்கு மக்களைக் கொண்டுவந்தது. 1955இல் பத்து வயதுச் சிறுவனாக அதில் வந்து இறங்கியவர் இன்று எண்பதைத் தொட்டவர். 1957இல் சுதந்திரக் கொடி ஏறியதைக் கண்டவர்களும், 1969 மே மாதத்து ஊரடங்கில் கதவடைத்துக் கிடந்தவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அரபுத் தமிழ் எழுத்தில் உள்ள ஏடுகளை ஓதத் தெரிந்த நன்னிமார்களும் ஒரு சிலர் உளர். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக வருவது, பக்கத்து அறையில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது!

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். 60 வயது கடந்தவர்களை ஆரம்பப் பள்ளிகளுக்கு அழைத்து, வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் சிறுவர்களின் வாசிப்புக்கு உதவச் செய்தார்கள். அவர்களை ஆராய்ந்தவர்கள், அந்த வேலையால் முதியோரின் நடமாட்டமும் மூளையின் சுறுசுறுப்பும் நன்மையடைந்ததற்கான அடையாளங்களைக் கண்டனர். அங்கே முதியோரை உட்காரவைத்து உபசரிக்கவில்லை. அவர்களுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். நாம் கற்கவேண்டியது அதுவே.

செய்யத்தக்கவை

1. தினமும் அரைமணி நேரமாவது கைப்பேசியை எட்ட வைத்துவிட்டு, பேரப்பிள்ளையும் பெரியவரும் தமிழில் பேசட்டும். பிள்ளை தவறாகப் பேசினால் நகைக்கக் கூடாது. நகைப்புக்கு அஞ்சியே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. நடுவில் மலாய்ச் சொல் விழுந்தால் விழட்டும்.

2. பிள்ளை கேள்வி கேட்கட்டும்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? முதற் சம்பளம் எவ்வளவு? அன்று செராஸ் எப்படி இருந்தது? பெரியவர் சம்மதித்தால் அதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யட்டும். குடும்பத்தின் சரித்திரம் அவ்வாறே காக்கப்படும்.

3. சேர்ந்து நடங்கள். முதியோரும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்புச் செய்யவேண்டுமென்றும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிந்தியது விழுந்து எலும்பு முறிவதைத் தடுக்கும். நெஞ்சுநோயோ மூட்டுவலியோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

4. விடுமுறை நாளில் பேரன் பாட்டனாரை வெளியே அழைத்துச் செல்லட்டும். 2017 முதல் செராஸ் வழியாகக் காஜாங்குக்கு எம்ஆர்டி ஓடுகிறது. தாமான் மீடாவில் ஏறி, பசார் செனியில் இறங்கி, எல்ஆர்டிக்கு மாறினால் அடுத்த நிலையம் மஸ்ஜித் ஜாமிக். அங்கிருந்து 1863இல் தோன்றிய மஸ்ஜித் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். அட்டையைத் தட்டிக் கதவைத் திறக்கப் பேரன் கற்றுக்கொடுப்பான். அந்தத் தெருவின் பழங்கதையைப் பாட்டனார் கற்றுக்கொடுப்பார்.

5. காதையும் கண்ணையும் சோதிக்கச் செய்யுங்கள். "அத்தா எதற்கும் பதில் சொல்வதில்லை" என்று குறைபடுவோர், அவருக்குக் கேட்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். காது மந்தமானவர் சபையிலும் தனியரே.

6. ஜமாஅத்துகள் பெரியவர்களுக்கு நாற்காலி போடுவதோடு நில்லாமல் வேலையும் கொடுக்கட்டும். ஓதிக் கொடுத்தல், தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தல், தையல், சமையல், கணக்கு என அவரவர் அறிந்ததை இளையோருக்குப் பயிற்றுவிக்க மாதம் ஒரு நாளை ஒதுக்கலாமே!

இரு தரப்புக்கும் ஒரு வார்த்தை

பெரியோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை அருகில் வந்த உடனே உடையையும் தலைமுடியையும் பற்றிப் பிரசங்கம் தொடங்கினால், மறுநாள் அவன் வரமாட்டான். முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள். அவன் விளையாட்டையும் படிப்பையும் விசாரியுங்கள். பிறகு உங்கள் புத்திமதிக்கும் இடமிருக்கும்.

நடுவிலுள்ள மகன் மகளுக்கும் ஒன்று உண்டு. பேரப்பிள்ளையோடு இருப்பது நன்னிக்கு இன்பம். ஆனால் காலை முதல் இரவு வரை ஓயாமல் அவர் தலையில் பிள்ளைகளைச் சுமத்துவது இன்பமாகாது. அவருக்கும் ஓய்வு வேண்டும், தோழியர் வேண்டும், மருத்துவரைப் பார்க்க நேரம் வேண்டும். இதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறியோரிடம் இரக்கத்தையும் பெரியோரிடம் மரியாதையையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே மொழியில் இணைத்தே போதித்தார்கள். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை. மரியாதை என்பது ஸலாம் சொல்லி விலகிப் போவதன்று. அருகில் அமர்ந்து செவிகொடுப்பதுமாகும். பெரியவர்களோடு பேசுவதற்கு அல்லாஹ் அளித்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டது. நாளை பார்ப்போம் என்று தள்ளிவைக்க அதில் இடமில்லை. இன்று மாலையே தொடங்குவோமாக!