கொடுப்பது பாதி, ஆராய்வது மீதி

பகவத் கீதை 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்தவருக்குக் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்தோ மனமில்லாமலோ கொடுப்பது ராஜசம். இடம், காலம் பாராமல், அவமதித்துக் கொடுப்பது தாமசம். கைம்மாறு கூடாது என்று அடிக்கடி பேசுகிறோம். தகுந்த இடத்தைத் தேடுவதும் தானத்தில் சேர்த்திதானே?

அமெரிக்கரான ஜான் ஆர்னல்ட் என்ரான் நிறுவனத்தில் எரிவாயு வர்த்தகராக இருந்தவர். 2001இல் அது திவாலானது. 2002இல் சென்டாரஸ் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கிப் பெரும் செல்வந்தரானார். 2012இல், 38 வயதிலேயே அதை மூடிவிட்டு, மனைவி லாராவோடு 2008இல் தொடங்கியிருந்த அறக்கட்டளையில் முழுமூச்சாக இறங்கினார்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினைகளில் ஒன்று ஜாமீன். அங்கே பலர் குற்றம் நிரூபணமாகும் முன்பே, ஜாமீன் பணம் இல்லாததால் சிறையில் கிடக்கிறார்கள். சில நாள் உள்ளே இருந்தாலே வேலை போய்விடும், குடும்பம் தவிக்கும். ஒருவருக்குப் பணம் கட்டினால் அவர் வெளியே வருவார். நல்ல காரியம்தான். ஆனா மறுநாள் இன்னொருத்தர் உள்ளே போவாரே!

அதனால் அறக்கட்டளை ஆய்வுக்குச் செலவழித்தது. வயது, முந்தைய தண்டனை போன்ற 9 விவரங்களை வைத்து நீதிபதிக்கு உதவும் மதிப்பீட்டு முறை உருவானது. நியூ ஜெர்சி மாநிலம் 2017இல் பண ஜாமீனைப் பெரும்பாலும் கைவிட்டு இம்முறைக்கு மாறியது. விசாரணைக் கைதிகள் வெகுவாகக் குறைந்தார்கள். பழைய பதிவுகளில் உள்ள இனப் பாகுபாடு இதிலும் தொடரும் என்ற கண்டனமும் எழுந்தது. ஆகவே, கொடுத்த பிறகும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பொறியியல் படிக்கும் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. பியூஸ் அடிக்கடி போனால், புதுசு மாட்டிக்கிட்டே இருக்க மாட்டோம். ஏன் போகுதுன்னு பார்ப்போம்.

பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்கிறோம். கொடுப்போம், நிறுத்த வேண்டாம். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பை மட்டும் போதுமா? பெற்றோரோடு தேசியப் பதிவிலாகாவுக்கு நாலு முறை நடக்கவும் ஆள் வேண்டும். அதற்குக் கோடி வெள்ளி தேவையில்லை. நம் நேரம் போதும்.

கலந்துரையாட:
1. நம் கிளை செய்யும் உதவிகளில், ஆண்டுதோறும் அதே குடும்பத்துக்கே தேவைப்படுவது எது?
2. அதன் மூலக்காரணம் என்ன?
3. உதவி பலன் தந்ததா என்று ஓராண்டு கழித்து எப்படிச் சோதிப்போம்?