நடுகல்லும் சுவரொளியும்

தருமபுரி, பழந்தமிழ் நூல்களில் தகடூர் என்று பெயர் பெற்ற ஊராகும். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட இந்நாட்டில், ஆநிரை காத்தும் மீட்டும் உயிர் துறந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. சில கற்கள் தருமபுரி அகழ்வைப்பகத்தில் வைத்துப் போற்றப்படுகின்றன. நடுகல் எடுக்கும் முறையின் முதற்படியைத் தொல்காப்பியம் 'காட்சி' என்னும். தக்க கல்லைக் கண்டு தேர்தல் என்பது அதன் பொருள். அக்கல்லைப் படமெடுத்துக் காப்பதற்கும் காட்சியே முதற்படி.

நடுகல்லில் வில்லும் வாளும் ஏந்திய வீரனுருவமும், அதனை ஒட்டி வட்டெழுத்து வரிகளும் இருக்கக் காணலாம். காற்றும் மழையும் தேய்த்தமையால் அவ்வெழுத்துக்களின் ஆழம் மிகக் குறைவு. மேடு பள்ளங்களை நம் கண்ணுக்குக் காட்டுவது நிழலேயாகும். 'பிளாஷ்' என்னும் மின்னொளி விளக்கைக் கல்லுக்கு நேரே எரித்தால், ஒளி பள்ளத்தின் அடிவரை புகுந்து நிழலை அழித்துவிடும், எழுத்தும் மறைந்துவிடும். வட்டெழுத்தில் பகரமும் வகரமும் வடிவில் நெருங்கியவை. ஒரு கோடு தெரியாமற் போயின் வீரன் பெயரே வேறாகிவிடும் அன்றோ?

ஆதலின் ஒளியை நேரே செலுத்தாது, வெண்சுவரில் மோதித் திரும்பிப் பக்கவாட்டில் வருமாறு செய்தல் வேண்டும். நடுகல் நெடிது நிற்பது. ஆகவே ஒளிப்படக் கருவியையும் நெடுக்காகத் திருப்பிப் பிடிக்கிறோம். அவ்வாறு திருப்பியதும், கருவியின் மேலிருந்த விளக்கு பக்கத்திற்கு வந்துவிடும். கூரையை நோக்கியிருந்த அதன் முகம் இப்போது பக்கச் சுவரை நோக்கும். இதனை அறியாதார், கூரையொளியை எண்ணிப் படமெடுத்து ஏமாறுவர். அறிந்தாரோ, வெண்சுவர் எப்பக்கம் உளதோ அப்பக்கமே விளக்கு திரும்புமாறு கருவியைப் பிடிப்பர். கூரையொளியே வேண்டுமாயின், விளக்கின் தலையை மீண்டும் மேல்நோக்கித் திருப்புதல் வேண்டும்.

இங்கே இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. சுவரின் நிறம் ஒளியிலும் ஏறும். பச்சைச் சுவர் கல்லையும் பச்சையாக்கும். மேலும், ஒரு புள்ளியினின்று பரவும் ஒளி, தொலைவு 2 மடங்கானால் 4இல் ஒரு பங்காகக் குறையும். ஒளி சுவருக்குச் சென்று கல்லுக்கு மீளும் வழி நெடியது. சுவரும் சிறிது ஒளியை உண்டுவிடும். ஆகவே விளக்கின் ஆற்றலைக் கூட்டுதல் அல்லது கருவியின் ஒளித்துளையை அகலத் திறத்தல் இன்றியமையாதது.

வயலிடையே நிற்கும் கல்லுக்குச் சுவர் ஏது? மாணவர் இருவர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் அதுவே சுவராகும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் கதிரவனொளி இப்பணியை விளக்கின்றியே செய்து தரும். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியால் வரைதல் மட்டும் ஆகாது. பிழையாக இட்ட கோடு பொய்யெழுத்தாகிவிடும். அகழ்வைப்பகமாயின் அலுவலரிடத்தும், ஊராயின் அக்கல்லை வழிபடுவாரிடத்தும் இசைவு பெற்ற பின்னரே படமெடுத்தல் முறை.

ஊர் காக்க உயிர் கொடுத்தவன் பெயரை நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்தனர். கல் தேயுமுன் அப்பெயரைப் பிழையின்றிக் காத்தல் நம் கடனாகும்.